நடுவுல கொஞ்சம் காத்தைக் காணோம்!

செல்போனை எடுங்க. காற்றுத் தரம் காட்டுற ஆப் ஏதாவது ஒண்ணைத் திறங்க. ஊர் மேப் முழுக்க பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு ஹோலி கொண்டாடின சட்டை மாதிரி இருக்கா? பல ஆப்கள்ல உங்க ஹாஸ்டல் தெருவைத் தொட்டாக்கூட டக்குன்னு ஒரு நம்பர் வந்து நிக்கும்.

இப்ப ஒரு சின்னக் கேள்வி. அந்தத் தெருவுல காற்றை அளக்கிற மெஷினை என்னிக்காவது பார்த்திருக்கீங்களா?

இல்லையா? அப்புறம் அந்த நம்பர் எங்கேர்ந்து வந்துச்சு?

விஷயம் இதுதான். அது அளந்த நம்பர் இல்லை, கணிச்ச நம்பர். எங்கேயோ நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு மெஷின், இன்னொரு பக்கம் ஏழு கிலோமீட்டர் தள்ளி ஒரு மெஷின். நடுவுல இருக்கிற மொத்த ஏரியாவையும் புள்ளியியல் என்கிற நம்ம ஸ்டாட்டிஸ்டிக்ஸ்தான் ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’ மாதிரி நிரப்பி வெச்சிருக்கு. அதை எப்படி நிரப்புறாங்க, எவ்வளவு நம்பலாம்? இந்த வாரம் அதைத்தான் பிரிச்சு மேயப் போறோம்.

மெஷின் கொஞ்சம், ஊர் பெருசு

முதல்ல வில்லனைப் பார்த்துடுவோம். பேரு பி.எம். 2.5. அதாவது 2.5 மைக்ரோமீட்டருக்குள் அடங்குற நுண்துகள். நம்ம தலைமுடியோட தடிமன்ல இருபதுல ஒரு பங்குகூட வராது. அதனாலதான் மூக்கு, தொண்டைன்னு எந்த செக்போஸ்ட்லயும் மாட்டாம நேரா நுரையீரலோட அடிமட்டத்துக்கே போய்ச் சேருது.

இந்தியாவில் 2009-ல் வந்த தர அளவுப்படி, 24 மணி நேர சராசரி ஒரு கனமீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஆண்டு சராசரி 40-ஐத் தாண்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஆண்டு சராசரியை 5-க்குள்ள வைங்கப்பான்னு சொல்லிடுச்சு. சரி, இதுக்குள்ள இருக்கோமான்னு பார்க்கணும்னா அளக்கணுமே?

அங்கதான் சிக்கல். தரமான கண்காணிப்பு நிலையம்னா அதுக்குன்னு ஒரு அறை, ஏ.சி., விடாத கரென்ட், பராமரிக்க ஆள் எல்லாம் வேணும். விலையும் அதிகம். சென்னை மாநகராட்சியோட பரப்பளவு 426 சதுர கிலோமீட்டர். மணலி, ஆலந்தூர், வேளச்சேரி மாதிரி சில இடங்கள்ல மட்டும்தான் நிலையங்கள் இருக்கு. தெருவுக்கு ஒண்ணு வைக்கிறது உலகத்துல எந்த அரசாலயும் ஆகாத காரியம்.

இது இடத்துல விழுற ஓட்டை. நேரத்துலயும் ஓட்டை விழும். கரென்ட் போகும், கருவி மக்கர் பண்ணும், நெட் கட் ஆகும். இந்தியாவில் 2015-ல் அறிமுகமான காற்றுத் தரக் குறியீட்டுக்கு ஒரு விதி உண்டு. ஒரு நாளோட துணைக் குறியீட்டைக் கணக்கிட குறைஞ்சது 16 மணி நேரத் தரவு இருக்கணும். நம்ம அட்டெண்டன்ஸ் பெர்சன்டேஜ் மாதிரி. குறைஞ்சா பரீட்சை எழுத முடியாது!

தங்கம் தேடினவர் கொடுத்த ஐடியா

நடுவுல இருக்கிற இடத்தைக் கணிக்கிற இந்த வித்தையோட ஃப்ளாஷ்பேக் சூப்பரா இருக்கும். அது ஆரம்பிச்சது காற்றில் இல்லை, மண்ணுக்கு அடியில்.

இடம், தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்கள். ஹீரோ, டேனி க்ரிகே என்ற சுரங்கப் பொறியாளர். அங்கே ஒரு தலைவலி. நாலைஞ்சு இடத்துல மாதிரி எடுத்துப் பார்ப்பாங்க. ‘ஆஹா, இந்தப் பாளத்துல தங்கம் கொட்டிக் கிடக்கு’ன்னு தோண்டினா எதிர்பார்த்ததைவிடக் கம்மியா கிடைக்கும். ‘இது வேஸ்ட்’னு ஒதுக்கினதுல கொஞ்சம் அதிகமாவே இருக்கும்.

க்ரிகே கணக்குப் போட்டுப் பார்த்துக் காரணத்தைப் பிடிச்சார். கொஞ்சமா எடுத்த மாதிரி ரொம்ப உச்சமா வந்தா அதுல அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு இருக்கும். அதனால அந்த நம்பரை மட்டும் நம்பாம, சுத்துப்பட்டு மாதிரிகளையும் சேர்த்து, எடை போட்டு, சராசரி பக்கமா கொஞ்சம் இழுக்கணும். 1951-ல் இது அவரோட முதுகலை ஆய்வேடாகவே வந்தது. ஆமா மக்களே, நம்ம பி.ஜி. ப்ராஜெக்ட் மாதிரிதான்!

அதை எடுத்துக்கிட்டு முழு கணிதக் கோட்பாடாகக் கட்டி எழுப்பினவர் பிரான்ஸைச் சேர்ந்த ஜார்ஜ் மாத்தரோன். அந்த முறைக்கு க்ரிகே பேரையே வெச்சு ‘க்ரிகிங்’னு கூப்பிட்டார். கிட்டத்தட்ட அதே ஐடியாவை, சோவியத் யூனியனில் லெவ் காண்டின் என்ற வானிலை விஞ்ஞானி தனியாகக் கண்டுபிடிச்சு 1963-ல் புத்தகமாகவே போட்டுட்டார். ஒருத்தர் பூமிக்கு அடியில், இன்னொருத்தர் வானத்தில். ரெண்டு பேருக்கும் ஒரே பிரச்னை: நிறைய இடம், கொஞ்சம் அளவு.

பக்கத்து வீட்டுக்காரன் தியரி

இதுக்கெல்லாம் அடிப்படை ஒரு சிம்பிள் நம்பிக்கை. பக்கத்துல பக்கத்துல இருக்கிறது ஒண்ணு போல இருக்கும், தூரம் போகப் போக சம்பந்தம் குறையும். வால்டோ டாப்ளர் என்ற புவியியலாளர் 1970-ல் சொன்ன இந்தக் கருத்துக்கு ‘புவியியலின் முதல் விதி’ன்னே பேர் வந்துடுச்சு.

சரி, எவ்வளவு தூரம் வரைக்கும் சம்பந்தம்? அதை ஊகிக்க வேண்டாம், தரவையே கேட்கலாம். நிலையங்களை ஜோடி ஜோடியா எடுத்துக்கணும். ஒவ்வொரு ஜோடிக்கும் எவ்வளவு தூரம், ரெண்டோட அளவுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பார்க்கணும். வித்தியாசத்தை வர்க்கம் பண்ணி, பாதியாக்கி, தூரத்துக்கு எதிரா கிராஃப் போட்டா அதுதான் வேரியோகிராம். பெரும்பாலும் கிராஃப் கீழே ஆரம்பிச்சு மேலே ஏறும், ஒரு தூரத்துக்கு அப்புறம் தட்டையாகிடும். அந்த எல்லையைத் தாண்டின நிலையத்துகிட்ட நம்ம தெருவைப் பத்தி விசாரிக்கிறது, திருநெல்வேலியில மழையான்னு வேலூர்க்காரரைக் கேட்கிற கதை.

இன்னொரு சுவாரஸ்யம். தூரம் கிட்டத்தட்ட பூஜ்யமா இருந்தாலும் அந்தக் கிராஃப் பூஜ்யத்துல ஆரம்பிக்காது. அந்த இடைவெளிக்கு ‘நக்கெட்’னு பேரு. நக்கெட்னா தங்கக் கட்டி. பக்கத்து பக்கத்துல தோண்டினாலும் ஒண்ணுல கட்டி மாட்டும், இன்னொண்ணுல மாட்டாதுங்கிற சுரங்க அனுபவத்துல வந்த பேர். நம்ம கேஸ்ல தங்கக் கட்டிக்குப் பதிலா, மெஷினுக்குப் பக்கத்துலயே ஓடுற டீசல் ஜெனரேட்டர்னு வெச்சுக்கோங்க!

ரெண்டு பேர் சொன்னா ரெண்டு சாட்சியா?

‘ஏன் பாஸ், பக்கத்துல இருக்கிறதுக்கு அதிக மார்க், தூரத்துல இருக்கிறதுக்குக் கம்மி மார்க் போட்டு சராசரி எடுத்தா போதாதா?’ன்னு கேட்கிறீங்களா? அப்படியும் ஒரு முறை இருக்கு. ஆனா அதுல ஒரு ஓட்டை.

ஒரு பேச்சுக்கு இப்படி வெச்சுப்போம். உங்க வீட்டுக்குக் கிழக்கே ஒரு கிலோமீட்டர்ல ஒரு மெஷின், 40 காட்டுது. மேற்கே ஒரு கிலோமீட்டர்ல ரெண்டு மெஷின், ஒரே கட்டடத்துல ஒட்டி ஒட்டி இருக்கு. ரெண்டும் 100 காட்டுது. மூணுமே ஒரே தூரம். தூரத்தை மட்டும் பார்க்கிற முறை மூணையும் கூட்டி மூணால வகுத்து 80-ன்னு சொல்லிடும்.

ஆனா மேற்கே இருக்கிற ரெண்டும் ஒரே காத்தைத்தானே அளக்குது? க்ளாஸ்ல ஒருத்தன் பேப்பரைப் பார்த்து இன்னொருத்தன் எழுதினா அது ரெண்டு தனி விடை ஆகுமா? க்ரிகிங் இதைக் கண்டுபிடிச்சிடும். அந்த ரெண்டையும் சேர்த்து ஒரே சாட்சி மாதிரி நடத்தும். கிழக்குக்குப் பாதி, மேற்குக்குப் பாதின்னு கணக்கு 70 பக்கமா வரும்.

க்ரிகிங்கோட பெரிய ப்ளஸ் பாயின்ட் இன்னொண்ணு. விடையோட சேர்த்து, ‘எனக்கு இவ்வளவுதான் நிச்சயம்’னு ஒரு வரம்பையும் கொடுக்கும். நிலையத்துக்குப் பக்கத்துல வரம்பு சின்னதா இருக்கும். தள்ளிப் போகப் போக அகலமாகும். ‘உங்க தெருவுல 58’னு ஆப் சொல்லுது. பாஸ் மார்க் 60, தப்பிச்சோம்னு வாக்கிங் கிளம்பலாம். ஆனா உண்மையில அது ‘58, கூடக் குறைய 25’னா? பாஸா ஃபெயிலான்னே தெரியாது. மேப்ல நம்பர் இருக்கு, அந்த 25-ஐக் காணோம்!

தெருவைக் கேளு, வானத்தைக் கேளு

க்ரிகிங் தூரத்தை நம்பும். ஆனா காத்து தூரத்தை மட்டும் மதிக்கிறதில்லை. ஒரு பஸ் ஸ்டாண்டுக்கும் அதுக்கு 200 மீட்டர் பின்னாடி இருக்கிற சந்துக்கும் வித்தியாசம் இருக்கும். அதனால வேற துப்புகளும் தேவை.

1990-கள்ல ஐரோப்பாவுல ஒரு ஆய்வு நடந்தது. ஆம்ஸ்டர்டாம், ஹடர்ஸ்ஃபீல்ட், பிராக்னு மூணு ஊர். ஒவ்வொரு ஊர்லயும் சுமார் 80 இடங்கள்ல சின்னச் சின்னக் குழாய்களைத் தொங்கவிட்டு நைட்ரஜன் டை ஆக்ஸைடை அளந்தாங்க. அப்புறம் ஒவ்வொரு இடத்தைச் சுத்தியும் எவ்வளவு டிராஃபிக், நிலம் எதுக்குப் பயன்படுது, இடம் எவ்வளவு உயரம்னு பட்டியல் போட்டு, நம்ம செகண்ட் இயர்ல படிக்கிற அதே ரெக்ரஷனை ஓட்டினாங்க. டேவிட் பிரிக்ஸ் குழு 1997-ல் வெளியிட்ட இந்த வழியைத்தான் இப்ப ‘நிலப் பயன்பாட்டு ரெக்ரஷன்’னு சொல்றாங்க. மெஷின் இல்லாத தெருவுலயும் ரோடு இருக்குமே, அதை வெச்சுக் கணிக்கிறதுதான் டெக்னிக்.

அடுத்த துப்பு வானத்துலேர்ந்து வருது. நாசாவோட டெர்ரா செயற்கைக்கோள் 1999-லயும், அக்வா 2002-லயும் போச்சு. சூரிய ஒளியைத் தூசு எவ்வளவு மறைக்குது, சிதறடிக்குதுன்னு அதுல இருந்த கருவிகள் அளந்தன. நாடு முழுக்க ஒரே வீச்சுல பார்க்கலாம், பிரமாதம்! ஆனா மூணு சிக்கல். அது பார்க்கிறது தரையிலேர்ந்து வானம் வரைக்கும் மொத்தத் தூசு, நம்ம மூக்கு உயரத்துல இருக்கிறதை மட்டும் இல்லை. பகல்ல குறிப்பிட்ட நேரம்தான் தலைக்கு மேல வரும், ராத்திரி குப்பை எரியுற புகை அதுக்குத் தெரியாது. மேகம் மூடினா அளவே இல்லை.

அதனால எல்லாத்தையும் கலந்து கட்டி ஒரே மாடல்ல போடுறாங்க. தரை நிலையம் துல்லியம், ஆனா கம்மி. செயற்கைக்கோள் நிறைய, ஆனா சுத்தி வளைச்ச தகவல். எதை எங்கே எவ்வளவு நம்பணும்னு பேயீசியன் முறையில எடை போடுறாங்க. நிலையமே இல்லாத நாடுகளுக்கும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பீடு வெளியிடுறது இப்படிப்பட்ட மாடல் வழியாத்தான்.

பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கு

இதுவரைக்கும் எல்லாம் ஓகே. இப்ப முக்கியமான கேள்வி. அந்த மெஷினை அங்கே யார் வெச்சாங்க? ஏன் அங்கே வெச்சாங்க?

இன்டர்னல் டெஸ்ட்டுக்குப் பத்துப் பேர் வரலை. அவங்களை விட்டுட்டு க்ளாஸ் ஆவரேஜ் போடலாமா? பஸ் பிரேக் டவுன் ஆகி வரலைன்னா பரவாயில்லை, ஆவரேஜ் ஓரளவு சரியாவே வரும். படிக்காததால வரலைன்னா? ஆவரேஜ் பொய் சொல்லும். டொனால்டு ரூபின் என்ற புள்ளியியலாளர் 1976-ல் எழுதின கட்டுரையோட சாரம் இதுதான். தரவு காணாமப் போனது மட்டும் பிரச்னை இல்லை, ஏன் காணாமப் போச்சுங்கிறதுதான் பிரச்னை.

இதுக்கு அச்சு அசல் உதாரணம் பிரிட்டன். 1952 டிசம்பர்ல லண்டனை நாலைஞ்சு நாள் புகைப்பனி மூடிச்சு. ஆயிரக்கணக்கான பேர் செத்துப் போனாங்க. 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1961-ல் நாடு தழுவிய கண்காணிப்பு ஆரம்பமாகி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள்ல நிலக்கரிக் கரும்புகையை அளந்தாங்க. புகை குறையக் குறைய, ‘இனிமே இங்கே எதுக்கு?’ன்னு நிலையங்களை ஒவ்வொண்ணா மூடினாங்க. நியாயமான முடிவு மாதிரிதான் தெரியுது, இல்லையா?

2014-ல் கேவின் ஷாடிக், ஜேம்ஸ் ஜிடெக் என்ற ரெண்டு புள்ளியியலாளர்கள் அந்தத் தரவைத் தோண்டினாங்க. மூடப்பட்டது குத்துமதிப்பா இல்லை. சுத்தமான இடங்கள் முதல்ல போச்சு, அழுக்கான இடங்கள் மிஞ்சிச்சு. அதனால மிச்சம் இருந்த நிலையங்களோட சராசரி, நாட்டோட உண்மையான சராசரியைவிட அதிகமா காட்டிச்சு. நல்லாப் படிக்கிறவங்களுக்கு லீவு விட்டுட்டு, மிச்சப் பேரை வெச்சு க்ளாஸை எடை போட்ட கதை!

‘அதிகமா காட்டினா நல்லதுதானே, ஜாக்கிரதையா இருப்போம்’னு தோணும். இல்லை பாஸ். இந்த நம்பரை வெச்சுத்தான் எவ்வளவு புகைக்கு எவ்வளவு நோய்னு கணக்குப் போடுறாங்க. மக்கள் சுவாசிச்ச புகையை அதிகமா காட்டி, நோயாளி எண்ணிக்கை மாறாம இருந்தா என்ன அர்த்தம் வரும்? ‘இவ்வளவு புகைக்கு இவ்வளவு நோய்தானா’ன்னு புகையோட ஆபத்தே சின்னதா தெரியும். ஒரு மெஷினை மூடின முடிவு, புகையோட குற்றத்தைக் குறைச்சுக் காட்டிடும்.

எதிர்ப்பக்கமும் நடக்கலாம். மரம் சூழ்ந்த வளாகத்துல மெஷினை வெச்சா, ஊரே சுத்தமா தெரியும். எந்த ஃபார்முலாவும் இதைத் தானா சரி பண்ணாது. க்ரிகிங் என்ன நினைக்கும்? மெஷின் வெச்ச இடத்துக்கும் அங்கே இருக்கிற மாசுக்கும் சம்பந்தம் இல்லைன்னு நினைக்கும். அது அப்பாவி. ஷாடிக், ஜிடெக் மாதிரி ஆட்கள் செய்யறது, ‘இந்த இடம் ஏன் தேர்வாச்சு’ங்கிறதையும் மாடலுக்குள்ளேயே கொண்டு வர்றது.

இது பழைய கதையும் இல்லை. சென்னை உள்பட இந்தியாவின் ஐந்து நகரங்கள்ல அமெரிக்கத் தூதரக அலுவலகங்கள் பி.எம். 2.5 அளவைப் பொதுவெளியில் பகிர்ந்துக்கிட்டு இருந்தன. 2025 மார்ச்சில், நிதியைக் காரணம் காட்டி, உலகம் முழுக்க அந்தப் பகிர்வு நிறுத்தப்பட்டது. காத்துல எதுவும் மாறலை. ஆனா மேப்ல புள்ளிகள் குறைஞ்சுது.

ப்ராஜெக்ட் பார்ட்டிகள் காதைக் கொடுங்க!

‘மெஷின் லேர்னிங் மூலம் காற்று மாசு கணிப்பு’. எந்தக் காலேஜ்ல ஃபைனல் இயர் டைட்டில் லிஸ்ட்டை எடுத்தாலும் இது இருக்கும். பண்ணுங்க, நல்ல விஷயம். ஆர், பைத்தான் ரெண்டுலயும் க்ரிகிங் பேக்கேஜ் இலவசம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட தரவும் ஓசிதான். ஆனா வைவாவுல மாட்டாம இருக்க நாலு டிப்ஸ்:

• மாடலைச் சோதிக்க மணிவாரித் தரவைக் கண்டபடி பிரிக்காதீங்க. காலை 9 மணி ட்ரெயினிங்ல, 10 மணி டெஸ்ட்ல இருந்தா, அது விடையைப் பார்த்து எழுதின பரீட்சை. ‘95 சதவிகிதம் துல்லியம்’னு வரும், சந்தோஷப்படாதீங்க.

• ஒரு நிலையத்தை முழுசா மறைச்சு வெச்சு, மத்ததை வெச்சு அதைக் கணிங்க. அப்புறம் அடுத்த நிலையம். மார்க் குறையும். ஆனா மெஷின் இல்லாத தெருவுக்கு உங்க மாடல் என்ன சொல்லும்ங்கிறதுக்கு அதுதான் உண்மையான மார்க்.

• காலியா இருக்கிற கட்டத்துல பூஜ்யம் போடாதீங்க. சராசரியைப் போட்டு அடைக்கவும் அவசரப்படாதீங்க. எந்த மணி நேரத்துல, எந்த நாள்ல தரவு காணாமப் போகுதுன்னு முதல்ல ஒரு டேபிள் போடுங்க. போகி அன்னிக்கு விடியற்காலையில மட்டும் தரவு இல்லைன்னா, அந்தக் காலி இடம்தான் கதையே.

• நிலையம் இருக்கிற இடங்களை ஒரு ரவுண்ட் நேர்ல போய்ப் பாருங்க. மாடியா, ரோட்டோரமா, மரத்தடியான்னு நோட் பண்ணுங்க. ரிசல்ட் மேப்புக்குப் பக்கத்துலயே, எங்கெல்லாம் நம்ப முடியாதுன்னு காட்டுற இன்னொரு மேப்பையும் ஒட்டுங்க. எக்ஸாமினர் அசந்துடுவார்.

அந்த ரெண்டாவது மேப்ல ரொம்பக் கலங்கலாத் தெரியற ஏரியாவை உத்துப் பாருங்க. அங்கேயும் ஸ்கூல் இருக்கு, டீக்கடை இருக்கு, இன்ஹேலரைப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டுப் பஸ்ஸுக்கு நிக்கிற பொண்ணு இருக்கா. மேப்ல அவ தெருவும் பச்சையாத்தான் இருக்கலாம். அந்தப் பச்சை யாரும் அளந்து சொன்னது இல்லை. ‘அடுத்த மெஷினை எங்கே வைக்கணும்?’னு யாராவது கேட்டா, கை காட்ட வேண்டிய இடம் அதுதான். அதைச் சொல்ல உங்க ப்ராஜெக்ட்டே போதும்.

சரி மக்களே, அடுத்த வாரம் வேற ஒரு கணக்கோட மீட் பண்ணுவோம். டாட்டா!